தாளம் தந்தவர்கள் – 7: இடக்கைக்காரர் வாசித்த வலக்கை டிரம்

லிவர்பூல் துறைமுகத்தை ஒட்டிய டிங்கிள் பகுதியில், மாட்ரின் தெரு 9ஆம் எண் வீட்டில், 1940 ஜூலை 7 அன்று ரிச்சர்டு ஸ்டார்க்கி பிறந்தார். பீட்டில்ஸ் குழுவின் டிரம்மராக உலகம் அறிந்த ரிங்கோ ஸ்டார் இவரே. கூலித் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெரு அது. கழிப்பறை கொல்லையில் இருந்தது. பேக்கரியில் வேலை பார்த்த அப்பா, மகனுக்கு நான்கு வயது ஆகும் வேளையில் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். அம்மா எல்சி வீடுகளைத் துடைத்துப் பெருக்கியும் மதுக்கடையில் பரிமாறியும் ஒற்றைப் பிள்ளையை வளர்த்தார்.

பிள்ளைக்கு உடம்பு சுகமில்லாமலே இருந்தது. 1947இல், ஏழாவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியது. நினைவு தப்பிப் பல நாள் கிடந்தார். பிழைப்பது அரிது என்று மருத்துவர்கள் அம்மாவிடம் சொல்லியும்விட்டார்கள். பிழைத்தார், ஆனால் வீடு திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் வகுப்புத் தோழர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்த பிறகுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கவே வந்தது.

13ஆவது வயதில் காசநோய் பிடித்தது. இந்த முறை ஹெஸ்வால் என்ற ஊரில் இருந்த குழந்தைகள் மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள். படுத்தே கிடக்கும் பிள்ளைகளுக்குப் பொழுது போகவேண்டும், கைகால் அசையவேண்டும் என்று அங்கே ஓர் இசை வகுப்பு நடந்தது. ஆசிரியர் முக்கோணம், தம்பட்டை, சின்ன டிரம் எல்லாம் கொண்டுவந்து கட்டில் கட்டிலாகக் கொடுப்பார். டிரம் கிடைத்தால்தான் வாசிப்பேன் என்று ரிச்சர்டு அடம்பிடிப்பார். வகுப்பு இல்லாத நாளில், நூல் சுற்றும் கட்டையைக் குச்சியாக்கிக் கட்டிலருகே இருந்த அலமாரியைத் தட்டுவார். அவருடைய தொழில் அந்தக் கட்டிலில்தான் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

அவர் பிறவியிலேயே இடக்கைக்காரர். ஆனால் இடக்கையில் பென்சில் பிடிப்பது ஆகாது என்று அப்பாவைப் பெற்ற பாட்டி கண்டித்து, வலக்கையால் எழுதப் பழக்கிவிட்டார். பீச்சாங்கையால் எழுதாதே, கொடுக்காதே என்ற அதட்டலைக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டியைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படாது. எழுத்து வலக்கைக்குப் போனது. மற்ற எல்லா வேலையும் இடக்கையிலேயே நின்றது. இந்தச் சின்னக் குடும்பச் செய்தி பின்னாளில் ராக் இசையின் ஓசையிலேயே பதிந்தது.

அம்மாவை இரண்டாந்தாரமாக மணந்த ஹாரி கிரேவ்ஸ் லண்டன் பக்கத்து ரோம்ஃபோர்டுக்காரர், பாட்டுக் கேட்பதில் பிரியம் உள்ளவர். வளர்ப்பு மகனின் ஆசையைக் கவனித்த அவர், 1957 கிறிஸ்துமஸை ஒட்டி, ரோம்ஃபோர்டில் 10 பவுண்டுக்கு ஒரு பழைய டிரம் செட் வாங்கி, அதை ரயிலில் ஏற்றி லிவர்பூலுக்குக் கொண்டுவந்தார். அப்போது ரிச்சர்டு, பள்ளிகளுக்கு உடற்பயிற்சிச் சாதனங்கள் செய்யும் ஹென்றி ஹன்ட் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளி. ஓட்டை கிதார், துணி தேய்க்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டி என்று கைக்குக் கிடைத்ததை வைத்து வாசிக்கும் ‘ஸ்கிஃபிள்’ இசை பிரிட்டன் முழுக்கப் பரவியிருந்த காலம் அது. உடன் வேலை பார்த்தவர்களோடு சேர்ந்து மதிய இடைவேளையில் தொழிற்சாலை நிலவறையில் வாசித்ததுதான் முதல் கச்சேரி.

கடையில் வாங்கும் டிரம் செட் எப்போதும் வலக்கைக்காரருக்கு ஏற்றபடிதான் அமைக்கப்படும். வாசிப்பவரின் இடப்பக்கம் ஹை-ஹாட் என்னும் ஜோடித் தாளத்தட்டு. முழங்கால்களுக்கு நடுவே ஸ்னேர். முன்னால் பாஸ் டிரம்மின் மேல் சின்ன டாம். வலப்பக்கம் தரையில் நிற்கும் பெரிய டாம். பாட்டின் ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்தில் டிரம்மர் உருட்டி அடிக்கும் கோர்வைக்கு ‘ஃபில்’ என்று பெயர். வலக்கைக்காரர் அதை வலக்கையில் தொடங்குவார். ஸ்னேரிலிருந்து சின்ன டாம், அங்கிருந்து பெரிய டாம் என்று வலக்கை முன்னே போகும், இடக்கை பின்னே வரும். கைகள் மோதாது, ஓட்டம் தடைபடாது.

ரிங்கோ செட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளவில்லை. வலக்கை அமைப்பிலேயே உட்கார்ந்து இடக்கையால் ஃபில்லைத் தொடங்கினார். இடக்கை வலப்பக்க டிரம்முக்குத் தாவ வேண்டும் என்றால் குறுக்கே வலக்கை நிற்கும். அதை விலக்க ஒரு கணம் வேண்டும். ஒன்று, அந்தக் கணத்தை ஓசையில்லாமல் விட வேண்டும். அல்லது பெரிய டாமில் தொடங்கி மேலே சின்ன டாமுக்கு வர வேண்டும். அவர் இரண்டையும் செய்தார். அதனால்தான் அவருடைய ஃபில்கள் ஒரு மயிரிழை தயங்கி, பிறகு உருண்டு விழுவதுபோல் கேட்கின்றன. பேட்டிகளில் இதை அவரே பலமுறை விளக்கியிருக்கிறார். வலக்கைக்காரர்கள் அதே கோர்வையைச் சொல் மாறாமல் வாசித்தாலும் அந்தத் தள்ளாட்டம் வருவதில்லை. குறையாக இருந்திருக்க வேண்டியது கையெழுத்தாக மாறிவிட்டது.

1959இல் அவர் சேர்ந்த குழு, ரோரி ஸ்டார்ம் தலைமையில் ‘ஹரிக்கேன்ஸ்’ என்று பெயர் எடுத்தது. லிவர்பூலில் அன்று முன்னணியில் நின்ற குழு. விரல்களில் நிறைய மோதிரம் போட்டிருந்ததால் ‘ரிங்ஸ்’, பிறகு ‘ரிங்கோ’. ஸ்டார்க்கி சுருங்கி ‘ஸ்டார்’. 1960 கோடையில் பட்லின்ஸ் விடுமுறை முகாமில் மூன்று மாதம் வாசிக்க அழைப்பு வந்தபோது, தொழிற்சாலை வேலையை விடுவதா வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. கைத்தொழில் ஒன்றைக் கற்று முடிப்பது அந்தத் தெருவில் பெரிய காரியம்; குடும்பத்தில் எதிர்ப்பு இருந்தது. அவர் வேலையை விட்டார்.

அந்த ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், கைசர்கெல்லர் என்ற இரவு விடுதியில், ஹரிக்கேன்ஸும் பீட்டில்ஸும் மாறி மாறி விடிய விடிய வாசித்தார்கள். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் மூவரும் ரிங்கோவைக் கூர்ந்து கேட்டது அங்கேதான். தங்கள் டிரம்மர் பீட் பெஸ்ட் வராத நாளில் ரிங்கோ வந்து உட்கார்ந்தால் குழுவே வேறு மாதிரி ஒலிப்பதை உணர்ந்தார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று பெஸ்ட் நீக்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து, 18ஆம் தேதி, போர்ட் சன்லைட்டில் உள்ள ஹியூம் ஹாலில், ரிங்கோ பீட்டில்ஸ் உறுப்பினராக முதல்முறை மேடை ஏறினார். லிவர்பூல் ரசிகர்கள் இதைச் சும்மா விடவில்லை. கேவர்ன் விடுதியில் பெஸ்டுக்காகக் கூச்சல் எழுந்தது, கைகலப்பும் ஆனது. ஹாரிசனின் கண் கறுத்து வீங்கியது.

முதல் இசைத்தட்டுக்கான பதிவு மனவருத்தத்தோடு தொடங்கியது. செப்டம்பர் 4 அன்று ‘லவ் மீ டூ’ பாடலுக்கு ரிங்கோ வாசித்தார். தயாரிப்பாளர் தரப்புக்குத் திருப்தி இல்லை. 11ஆம் தேதி ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது, கூலிக்கு வாசிக்கும் ஆண்டி ஒயிட் என்ற அனுபவசாலி டிரம்மின் முன் உட்கார்ந்திருந்தார். ரிங்கோவின் கையில் ஒரு தம்பட்டையைக் கொடுத்தார்கள். மறுபக்கப் பாடலுக்குக் கிலுகிலுப்பை. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத 22 வயது இளைஞருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அக்டோபர் 5 அன்று வெளியான முதல் இசைத்தட்டில் கடைசியில் ரிங்கோ வாசித்த பதிவே இடம்பெற்றது; பின்னர் ஆல்பத்தில் ஒயிட்டின் பதிவு. அதற்குப் பிறகு பதிவுகளில் அவர் இடத்தில் கூலிக்கு ஆள் போட யாரும் நினைக்கவில்லை. 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் 10 பாடல்களைப் பதிவு செய்து முடித்தார்கள். அப்படி ஒரு நாளைத் தாங்கக் காலப்பிரமாணம் துளியும் ஆடாத டிரம்மர் வேண்டும்.

அதே ஆண்டு லண்டன் டிரம் சிட்டி கடையில் அமெரிக்கத் தயாரிப்பான லட்விக் செட் ஒன்றைக் கண்டார். கருஞ்சிப்பி போல மினுங்கும் அதன் நிறத்துக்காகவே அதைத் தேர்ந்தார். பாஸ் டிரம்மின் முன்தோலில் குழுவின் பெயரும் வேண்டும் என்று கேட்டபோது, கடைக்காரர் ஐவர் ஆர்பிட்டர் ஒரு காகிதத்தில் கிறுக்கிக் காட்டினார்: முதல் எழுத்து பெரிதாக, நடுவில் ‘டி’ எழுத்தின் கால் மட்டும் கீழே நீண்டு. எழுதுகூலி 5 பவுண்டு. இன்றும் உலகெங்கும் பனியன்களில் அச்சாகும் பீட்டில்ஸ் முத்திரை அதுதான்.

1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியை 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். மற்ற மூவருக்கும் மேலே, உயரமான மேடையில், தலையை ஆட்டிக்கொண்டு ரிங்கோ. முன்தோலில் லட்விக் பெயரும் தெரிந்தது. அந்த நிறுவனம் இரவும் பகலும் தொழிற்சாலையை ஓட்டும் நிலைக்கு வந்தது. செப்டம்பரில் சிகாகோவில் அவருக்குத் தங்க முலாம் பூசிய ஸ்னேர் டிரம் ஒன்றைப் பரிசளித்தது. எட் சல்லிவன் நிகழ்ச்சியால் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஜாஸ் டிரம்மர்கள் இடக்கைக் குச்சியை உள்ளங்கையை மேல்நோக்கி, எழுதுகோல் பிடிப்பதுபோல் பிடிப்பார்கள். ரிங்கோ இரு குச்சிகளையும் ஒரே மாதிரி, சுத்தியல் பிடிப்பதுபோல் பிடித்தார். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அதுவே ராக் டிரம்மரின் பிடி ஆகிவிட்டது.

அந்த 1964 ஜூன் மாதம் தொண்டைச் சதை வீங்கி அவர் மருத்துவமனையில் சேர, ஜிம்மி நிக்கல் என்பவர் டென்மார்க், நெதர்லாந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியா என்று சில நாள் இட்டு நிரப்பினார். மெல்போர்னில் ரிங்கோ மறுபடி சேர்ந்துகொண்டார்.

மேடையில் ரசிகர்களின் கூச்சலில் தம் டிரம்மின் ஓசை அவருக்கே கேட்காது. பாடகர்களின் தோளும் தலையும் ஆடுவதைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பார். 1966இல் பீட்டில்ஸ் கச்சேரிப் பயணங்களை நிறுத்தியது அவருக்கு நல்லதாயிற்று. அவருடைய உண்மையான சாதனை ஆபி ரோடு ஸ்டூடியோவில் நடந்தது.

1966 ஏப்ரலில் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பதிவு. தலைப்பே ரிங்கோ வாய்தவறிச் சொன்ன வாசகம்தான். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போது 20 வயது. பாஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து அதிர்வை அடக்கினார். ஸ்டூடியோ விதிகளை மீறி ஒலிவாங்கியை டிரம்முக்கு வெகு அருகில் நகர்த்தினார். நெஞ்சில் இடிப்பதுபோன்ற ஒரு ஓசை கிடைத்தது. அதன் மேல் ரிங்கோ ஒரே கோர்வையைப் பாடல் முழுக்க, கூட்டாமல் குறைக்காமல், எந்திரம்போல் திரும்பத் திரும்ப வாசித்தார். அதே மாதம் பதிவான ‘ரெயின்’ பாடலைத்தான் தம் வாசிப்பிலேயே சிறந்தது என்று அவர் சொல்வார். ஸ்னேரும் ஹை-ஹாட்டும் ஒன்றையொன்று துரத்தும் அந்த வாசிப்பை வேகமாக வாசித்துப் பதிந்து, பிறகு நாடாவை மெதுவாக ஓட்டினார்கள். அதனால் டிரம்மின் ஓசை கனத்துவிட்டது.

‘எ டே இன் தி லைஃப்’ பாடலில் அவர் செய்தது இன்னும் நுட்பமானது. லெனன் தணிந்த குரலில் பாடும்போது டிரம் பேசாது. ஒரு வரி முடிந்து குரல் ஓயும் இடத்தில், தளர்த்திக் கட்டிய டாம்கள் இடி உருள்வதுபோல் ஒலித்து மறுபடி அடங்கும். பாட்டின் சொல்லைக் கேட்டு டிரம் பதில் சொல்கிறது. நல்ல பக்கவாத்தியக்காரரின் இலக்கணம் இதுவே. ஃபில் காலின்ஸ் போன்ற தேர்ந்த டிரம்மர்களே அந்த இடங்களின் அருமையை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். 1969இல் ‘கம் டுகெதர்’ பாடலுக்குத் தேநீர்க் கோப்பை துடைக்கும் துணிகளை டிரம்களின் மேல் விரித்துவிட்டு வாசித்தார். அந்த மங்கிய ஓசையைப் பின்பற்றாத ஸ்டூடியோ 1970களில் குறைவு. பீட்டில்ஸின் பதிவு நாடாக்களை முழுக்கக் கேட்ட ஆய்வாளர் மார்க் லூயிசோன், ரிங்கோவின் பிழையால் நின்றுபோன பதிவுகள் ஒரு டஜனுக்கும் குறைவு என்று கணக்குச் சொல்கிறார். எட்டு ஆண்டுகளில், 200க்கும் மேற்பட்ட பாடல்களில், இது வியக்கவைக்கும் கணக்கு.

ஆல்பத்துக்கு ஒரு பாடல் அவர் குரலுக்கென்று ஒதுக்குவது குழுவின் வழக்கம். ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’ பாடலுக்கு லெனனும் மெக்கார்ட்னியும் முதலில் எழுதிய ஒரு வரியில், பாட்டு சுருதி தவறினால் தக்காளி எறிவாயா என்ற கேள்வி இருந்தது. அதைப் பாட ரிங்கோ மறுத்தார். ரசிகர்கள் மேடையில் மிட்டாய் எறிந்து கண்டவர் அவர். என்றாவது மேடையில் பாடினால் உண்மையாகவே தக்காளி வரும் என்றார். வரி மாற்றப்பட்டது.

1968 பிப்ரவரியில் நால்வரும் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தியானம் பயில ரிஷிகேஷ் வந்தார்கள். சிறுவயது நோயால் ரிங்கோவின் வயிறு காரமும் மசாலாவும் ஏற்காது. ஒரு பெட்டி நிறைய டப்பாவில் அடைத்த பீன்ஸ் கொண்டுவந்திருந்தார். பூச்சிகளைக் கண்டு மனைவி மோரீன் அஞ்சினார். பிள்ளைகளின் நினைவும் வாட்டியது. பத்து நாள் வாக்கில் ஊர் திரும்பிவிட்டார்.

அந்த ஆகஸ்ட் 22 அன்று குழுவைவிட்டே வெளியேறினார். தாம் சரியாக வாசிக்கவில்லை, மற்ற மூவரும் ஒட்டிக்கொண்டிருக்க தாம் மட்டும் வெளியாள் என்ற எண்ணம் அவரை அரித்தது. லெனனிடம் போய் இதைச் சொன்னபோது, நீங்கள் மூவரும்தான் நெருக்கம் என்றல்லவா நினைத்தேன் என்றாராம். மெக்கார்ட்னியிடம் போனால் அவரும் அதையே சொன்னார். குடும்பத்தோடு சார்டீனியாத் தீவுக்குப் போய், நடிகர் பீட்டர் செல்லர்ஸின் படகில் பொழுதைக் கழித்தார். ஆக்டோபஸ்கள் கடலடியில் கூழாங்கல்லும் பளபளக்கும் பொருளும் பொறுக்கித் தம் வளைக்கு முன்னே தோட்டம்போல் அடுக்கும் என்று படகோட்டி சொன்ன கதையிலிருந்து ‘ஆக்டோபஸஸ் கார்டன்’ பாடல் பிறந்தது. அவர் இல்லாத நாளில் ‘பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.’, ‘டியர் ப்ரூடன்ஸ்’ இரண்டுக்கும் மெக்கார்ட்னியே முக்கியமாக டிரம் வாசித்துச் சமாளித்தார். பிறகு மூவரிடமிருந்தும் தந்தி போனது: உலகின் சிறந்த ராக் டிரம்மர் நீதான், வந்துவிடு. செப்டம்பர் தொடக்கத்தில் அவர் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது டிரம் செட்டைப் பூக்களால் அலங்கரித்து வைத்திருந்தார்கள்.

டிரம்மர்கள் ஏங்கும் தனி ஆவர்த்தனம் அவருக்குப் பிடிக்காது. பீட்டில்ஸ் பாடல்களில் அவர் தனி வாசித்தது ஒரே ஒரு முறை, 1969இல் ‘தி எண்ட்’ பாடலுக்காக, அதுவும் மற்றவர்கள் வற்புறுத்தி. மொத்தம் சுமார் 15 வினாடி. அதிலும் வேகமோ வித்தையோ கிடையாது; பாட்டின் நடையை விடாமல் டாம்களைச் சுற்றிவருகிறார், அவ்வளவே. பாட்டு ஒரு பக்கம் நிற்க டிரம் தன் திறமையைக் காட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

1970இல் குழு கலைந்தது. அந்த ஆண்டே லெனனின் தனி ஆல்பத்திலும் ஹாரிசனின் தனி ஆல்பத்திலும் ரிங்கோ வாசித்தார். நண்பர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாதபோதும் அவரோடு எல்லோரும் பேசினார்கள். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ரவிசங்கரும் ஹாரிசனும் நடத்திய வங்கதேச அகதிகள் நிதிக் கச்சேரியில் வாசித்தார். 1973இல் வந்த ‘ரிங்கோ’ ஆல்பத்தில், ஒரே பாடலில் இல்லாவிட்டாலும், நால்வரின் பங்கும் உண்டு. ஹாரிசனோடு சேர்ந்து எழுதிய ‘ஃபோட்டோகிராஃப்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ‘யூ ஆர் சிக்ஸ்டீன்’ பாடலும் அப்படியே.

அதற்குப் பின் வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் நல்லவை அல்ல. மது அவரை விழுங்கியது. 1981இல் மணந்த நடிகை பார்பரா பாக்கும் உடன் குடித்தார். இடையில், 1984இல், ‘தாமஸ் தி டேங்க் என்ஜின்’ தொடருக்குக் கதை சொல்லும் குரலாக ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அறிமுகமானது ஒன்றே வெளிச்சம். 1988இல் கணவனும் மனைவியும் அரிசோனாவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து குடியை விட்டார்கள். மறு ஆண்டு ஜூலையில், புகழ்பெற்ற இசைக்கலைஞர்களைச் சேர்த்து ‘ஆல்-ஸ்டார் பேண்ட்’ தொடங்கினார். ஒவ்வொருவரும் தத்தம் பாடலைப் பாட, மற்றவர்கள் துணை வாசிக்கும் அமைப்பு அது. ஆட்கள் மாறினாலும் குழு நின்றுபோகவில்லை. மூத்த மகன் ஜாக் ஸ்டார்க்கியும் டிரம்மர் ஆகி, 1996 முதல் நெடுங்காலம் ‘தி ஹூ’ குழுவுக்கு வாசித்தார்.

ரிங்கோவைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் ஒரு கேலி தவறாமல் வரும்: பீட்டில்ஸிலேயே சிறந்த டிரம்மர் ரிங்கோ இல்லை என்று லெனன் சொன்னாராம். லெனன் அப்படிச் சொன்னதற்குச் சான்று எதுவும் இல்லை. அவர் கொல்லப்பட்ட பின்பு, 1980களின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சிகளில்தான் அந்த வாசகம் முதலில் தென்படுகிறது. தம் கடைசிப் பேட்டிகளில் லெனன் ரிங்கோவின் வாசிப்பை மெச்சியே பேசியிருக்கிறார். இந்தக் கேலியைத் திரும்பச் சொல்வது இரண்டு கலைஞர்களுக்கும் செய்யும் அநியாயம்.

2015இல், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தனிக் கலைஞராகவும் ஏற்றது. நால்வரில் கடைசியாக அந்த இடம் பெற்றவர் அவர். அதே ஆண்டு, கருஞ்சிப்பி நிற லட்விக் செட்டும், எட் சல்லிவன் நிகழ்ச்சியில் இருந்த முன்தோலும் ஏலத்தில் தனித்தனியே 20 லட்சம் டாலருக்கு மேல் போயின. 2018இல் சர் பட்டம் வந்தது. 2025 ஜனவரியில் ‘லுக் அப்’ ஆல்பம் வெளியானது. ஜூலையில் அவருக்கு 85 வயது நிறைந்தது. மேடையில் அவருடைய டிரம் செட் இன்றும் வலக்கைக்காரருக்கு அமைப்பதுபோலவே நிற்கிறது. ஃபில்லை அவர் இடக்கையில்தான் தொடங்குகிறார்.